மீசை பெண்பால், தயிர் ஆண்பால்

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்,
பங்குனி 2012.

மரியாதைக்குரிய மச்சான் சொக்கலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஐயாவு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் தங்கை ரெங்கம்மாவும், மகள் தமிழரசியும் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம். என் முழங்கால் வலியும் நாளொரு வளர்ச்சியாக நல்லபடி இருக்கிறது. பரமக்குடியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், போன தடவை என்னை முட்டித் தள்ளிய செவலைப் பசுவும் எல்லா நலனும் பெற்றிருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

நிற்க. உங்கள் கடிதம் கிடைத்தது. மளிகைக்கடைக் கணபதி சரக்கெடுக்க மெயின்லேண்ட் வந்த இடத்தில் உங்கள் வீட்டுக்கும் வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, ஐயாவு வீட்டில் நாற்காலிக்கெல்லாம் குங்குமம் வைத்திருக்கிறது, ஐயாவு பீரோவைப் பார்த்துத் தொண்டையைச் செருமுகிறார், நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளையின் தகப்பனாரைச் சபை நடுவே பொம்பளை என்று சொல்லிவிட்டார், கல்யாணம் நின்றுபோயிற்று என்றெல்லாம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தாய்மாமன் உயிரோடு இருக்கையில் என் தங்கச்சி மகளை வைத்துக் கூத்தடிக்கிறீரா என்று நீங்கள் கேட்டிருப்பது நியாயம்தான். கணபதி சொன்னதில் கல்யாணம் நின்றது என்பது மட்டும் பொய். மற்றதெல்லாம் உண்மை. ஆனால் எப்படி நடந்தது என்று தெரிந்தால் உங்கள் கோபம் என்னை விட்டுவிட்டு இந்தி இலக்கணத்தின்மேல் திரும்பும் என்று நம்புகிறேன்.

தமிழரசி வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்ட் ஆபீசிலேயே ஆலோக் என்றொரு பையன் வேலை பார்க்கிறான். இந்திக்காரர்கள். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்பதால் "வாங்க மாமா, சாப்ட்டாச்சா" என்று சுத்தமாகக் கேட்பான். இவள் அம்மாவிடம் சொல்ல, ரெங்கம்மா எனக்குத் தோசை போடும்போது ஒவ்வொரு தோசைக்கும் கொஞ்சமாகச் சொல்லி, கடைசித் தோசையில் முழு விஷயமும் வெளியே வந்தது. அந்தத் தோசையை நான் பாதியில் வைத்தது வாஸ்தவம். ஆனால் பையன் தங்கமானவன். பெண் ஆசைப்பட்டுவிட்டாள். சரி, பெரியவர்களாகப் பேசி முடிப்போம் என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குட்வில் எஸ்டேட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையனின் தகப்பனார் மிஸ்ராஜி ஓய்வுபெற்ற இந்தி வாத்தியார். இளவயதில் காசியிலிருந்து வந்தவர். மூக்குக்குக் கீழே இரண்டு அணில்கள் வாலோடு வால் தொட்டுக்கொண்டு படுத்திருப்பதுபோல் மீசை.

மச்சான், எனக்கு இந்தி தெரியாது என்று நினைக்காதீர்கள். மின்சாரத் துறையில் லைன்மேனாகக் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய காலம் பூராவும் இந்திதான் பேசினேன். ஆனால் இங்கே வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நாம் எல்லாரும் சேர்ந்து பேசுகிற இந்தியில் யாரும் ஆண் பெண் பார்ப்பதில்லை. மீன் நன்றாயிருக்கிறது என்று மீன்காரி "மச்லி அச்சா ஹை" என்பாள், கொடு என்று நான் "தே தோ" என்பேன், மீன் சட்டிக்கு வந்துவிடும். அந்தத் தைரியத்தில் நான் மிஸ்ராஜியிடம், "ஹமாரா பேட்டி, ஆப்கா பேட்டா, தோனோ கா ஷாதி கர் தேங்கே" என்று, அதாவது எங்கள் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் கல்யாணம் செய்துவைப்போம் என்று, ஒழுங்காகத்தான் சொன்னேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அவர் மனைவி பிரபாவதி அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். வாயைத் திறக்காமல் உள்ளே போய்விட்டார். அந்த அம்மாளுக்குப் பேச்சு வராது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸ்ராஜி ரொம்ப நேரம் கழித்துக் கையை எடுத்தார். "ஐயாவுஜி, நீங்கள் எந்த ஜாதி என்று நான் கேட்கவில்லை. மீன் சாப்பிடுங்கள், நண்டு சாப்பிடுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஹமாரா பேட்டி என்றீர்களே! பெற்ற மகளையே ஆணாக்கிவிட்டீர்களே! ஹமாரீ பேட்டி. அப்புறம் கா ஷாதி இல்லை, கீ ஷாதி. கல்யாணம் பெண்பால்" என்றார். கல்யாணத்தில் பாதி ஆம்பளையும் இருக்கிறானே ஜி என்று கேட்டேன். விவாஹ் என்று சொன்னால் அதே கல்யாணம் ஆண்பால் என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கும் முதலில் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டு நம் பிள்ளைகளைக் கவனிக்கலாமோ என்று தோன்றியது, சொல்லவில்லை. முடிவாக அவர் சொன்னது இது: அவர் வீட்டில் லிங்கம், அதாவது ஆண்பால் பெண்பால், தவறிப் பேசி யாருக்கும் பழக்கமில்லை, தப்பான லிங்கம் காதில் விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, ஆகவே நிச்சயதார்த்தத்துக்குள் நான் லிங்கம் கற்றுக்கொள்ள வேண்டும், அவரே சாயங்காலம் சாயங்காலம் வந்து சொல்லித் தருவார், கற்றுக்கொள்ளாவிட்டால் தட்டு மாற்றுவதில்லை.

நான் வீட்டுக்கு வந்து ரெங்கம்மாவிடம், "சம்பந்தி நாளையிலேர்ந்து லிங்கத்தைப் பத்திச் சொல்லித்தர வர்றார்" என்று மட்டும்தான் சொன்னேன். உங்கள் தங்கையின் பக்தி உங்களுக்குத் தெரியாததா? மறுநாள் வீட்டைக் கழுவி, மாக்கோலம் போட்டு, வில்வ இலைக்காகப் பக்கத்துக் கோயிலில் சண்டை போட்டு, பால், விபூதித் தட்டு, மணி எல்லாம் தயாராக வைத்துவிட்டாள். மிஸ்ராஜி வந்தார், பார்த்தார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஆயுளில் இலக்கணத்துக்கு இவ்வளவு மரியாதை செய்த வீட்டைப் பார்த்ததில்லை என்று சொல்லி, அவரே மணியடித்து, புல்லிங் என்றால் ஆண்பால், ஸ்த்ரீலிங் என்றால் பெண்பால் என்று ஆரம்பித்தார். ரெங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தமிழில் எப்படி என்று கேட்டார். மனுஷருக்குத்தான் ஆண் பெண் எல்லாம், மேசை, நாற்காலி, எருமை எல்லாமே எங்களுக்கு 'அது'தான் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "யார் ஆண், யார் பெண் என்று தெரியாமலேயே இத்தனை காலம் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கிறீர்கள்" என்றார். எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

முதல் பாடம் சுலபம். 'ஆ'வில் முடிந்தால் ஆண், 'ஈ'யில் முடிந்தால் பெண். கதவு தர்வாசா, ஆண். ஜன்னல் கிட்கி, பெண். இவ்வளவுதானே என்று நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் வந்தவர் பானி, கீ, தஹி, அதாவது தண்ணீர், நெய், தயிர் மூன்றும் ஆண் என்றார். 'ஈ'யில் முடிகிறதே ஜி என்றேன். முடியட்டும், ஆனாலும் ஆண் என்றார். ஏன் என்றேன். அப்படித்தான் என்றார். போலீஸ் பெண். பட்டாளம் பெண். தாடி பெண். மீசை பெண். நான் அவருடைய அணில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஜி, அப்ப உங்க மூஞ்சியில…" என்று இழுத்தேன். "வார்த்தைதான் பெண், மீசை இல்லை" என்று அவசரமாகச் சொன்னார். ஆனாலும் அன்றைக்குப் போகும்போது கேட்டருகில் நின்று மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். கம்பம் ஆண், கம்பி ஆண், அதில் ஓடுகிற பிஜ்லி, அதாவது மின்சாரம், பெண் என்றதும் அடுப்படியிலிருந்து ரெங்கம்மா, "அப்ப இத்தன வருசமா மழையின்னும் பாக்காம ராத்திரியின்னும் பாக்காம எவ பின்னாடி சுத்துனீகன்னு இப்பத்தான தெரியுது" என்றாள். அவர் பலகாரம் சாப்பிடும்போதும் பாடம் நிற்காது. தோசா ஆண், இட்லி பெண், வடா ஆண், சட்னி பெண், சாம்பார் ஆண். "ஒரே மாவுல பொறந்த அண்ணன் தங்கச்சியா!" என்று ரெங்கம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

ஒருநாள் பூகம்பம் ஆண், சுனாமி பெண், ஆகவே வந்தது என்பதற்குப் பூகம்பம் 'ஆயா', சுனாமி 'ஆயீ' என்று சொல்லச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மீன் வாங்க வண்டூர் போயிருந்தேன், தண்ணீர் வந்தபோது பழகின புத்தியில் பக்கத்திலிருந்த கம்பத்தில் ஏறினேன், கூட நின்றவர்களுக்குக் கம்பம் ஏறிப் பழக்கமில்லை. "ஜி, நான் அதை நேர்ல பார்த்தேன். வந்தது ஆணா பெண்ணான்னு பார்க்கத் தோணலை" என்றேன். மிஸ்ராஜி புத்தகத்தை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மனுஷர் நல்லவர் மச்சான். லிங்கம்தான் அவரைப் பிடித்து ஆட்டுகிறது.

இனி குங்கும விஷயம். பாடம் தலையில் நிற்காததால் நானே ஒரு யுக்தி செய்தேன். வீட்டுச் சாமான்களில் பெண்ணுக்கெல்லாம் குங்குமப் பொட்டு, ஆணுக்கெல்லாம் விபூதிப் பட்டை. நாற்காலி, ஜன்னல், கடிகாரம், பீரோ, துடைப்பம் எல்லாம் பொட்டோடு மங்களகரமாக நின்றன. கதவும் கட்டிலும் பூட்டும் பட்டையடித்துக்கொண்டன. கத்தியில்தான் சிக்கல். சாக்கு என்றால் கத்தி ஆண், சுரி என்றால் அதே கத்தி பெண். இரண்டையும் வைத்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி மண்டல் பௌதி எட்டிப் பார்த்து, இன்றைக்கு என்ன பூஜை என்று, "ஆஜ் கௌன்சா பூஜா ஹை?" என்று கேட்டுப் பிரசாதத்துக்குக் கிண்ணம் நீட்டினாள். விளக்கினேன். வங்காளத்திலும் இந்தத் தொல்லை கிடையாதாம். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கிண்ணத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் நின்றாள். இரண்டு வடை போட்டோம். ஆனால் பொட்டு வைத்த பிறகு வீட்டில் புழங்குவதே கஷ்டமாகிவிட்டது மச்சான். பீரோ பெண் என்று தெரிந்தபின் சட்டென்று திறக்க மனம் வரவில்லை, தொண்டையைச் செருமிவிட்டுத் திறக்க ஆரம்பித்தேன். நிலைக்கண்ணாடி ஆண் என்று தெரிந்த அன்றே ரெங்கம்மா அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, "இத்தன நாளும் பாத்துக்கிட்டே இருந்திருக்கானே, படுபாவி" என்று திட்டிக்கொண்டே சமையலறைக்குள் போய்ப் புடவை மாற்றினாள். அந்த நேரம் பார்த்துத்தான் கணபதி அரிசி மூட்டை போட வந்தார். மற்றதை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார்.

நிச்சயதார்த்தம் நம் வீட்டில். மிஸ்ராஜியின் அக்கா தங்கைகள் காசியிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். வாசலில் நான் மாலை போட்டு, மிஸ்ராஜியை இந்தியில் வரவேற்க வேண்டும். வரவேற்புச் சொற்கள் எல்லாம் மனப்பாடம். அன்று காலை குளிக்கும்போதுதான் உறைத்தது, சம்பந்தி என்பதற்கு இந்தியில் என்ன சொல் என்று நான் கேட்டு வைக்கவே இல்லை. சாமான்களிலேயே காலம் போய்விட்டது, உறவுமுறைக்கு நாங்கள் வரவேயில்லை. நல்லவேளையாக ரெங்கம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சம்தி, சம்தன் என்று இரண்டு சொல் இருக்கிறது, ஒன்று ஆம்பளைச் சம்பந்திக்கு, ஒன்று பொம்பளைச் சம்பந்திக்கு என்றாள். எது யாருக்கு? நான் விதிப்படி யோசித்தேன். 'ஈ'யில் முடிந்தால் பெண். ரெங்கம்மாவும், "பேட்டி, சாச்சி, மாமி எல்லாம் பொம்பளைதான? தமிழ்ல மட்டும் என்ன வாழுது? அரசன், அரசி. தலைவன், தலைவி. அப்ப சம்தன், சம்தி" என்றாள். இரண்டு மொழி இலக்கணமும் ஒரே பக்கம் நிற்கிறது. இதில் தப்பு நடக்க எங்கே இடம்?

வாசலில் மேளம். மிஸ்ராஜி பட்டு ஜிப்பாவில், மீசைக்கு எண்ணெய் போட்டு இறங்கினார். பின்னாலே முக்காடு போட்டுக்கொண்டு பிரபாவதி அம்மாள். நான் மாலையைத் தூக்கிப் பிடித்து, தெருவே கேட்கும்படி, "ஆயியே, சம்தன்ஜி! ஆயியே!" என்றேன். அந்த அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டு, "ஆயியே, சம்திஜி!" என்றேன். மேளம் நின்றது. காசியிலிருந்து வந்த அக்கா ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தங்கைகளால் முடியவில்லை. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு வரும் சம்பந்தியம்மாளைக் கேலி செய்து பாட்டுப் பாடுவது வழக்கமாம். கூடப்பிறந்த அண்ணனையே நடுவில் நிறுத்திக் கைகொட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள், சம்தன் மீசை வைத்திருக்கிறாளாமே, சம்தனுக்கு யார் ஜிப்பா தைத்துக் கொடுத்தது என்கிற மாதிரி. மண்டல் பௌதி அர்த்தம் புரிந்து திண்டாடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ்ராஜியின் முகம் செங்கல் நிறமாயிற்று. "யே ரிஷ்தா நஹீ ஹோகா" என்று, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லித் திரும்பி நடந்தார். மாலை என் கையிலேயே இருந்தது. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த தமிழரசி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் வாயால் என் பிள்ளை வாழ்க்கை போயிற்றே என்று எனக்கு உயிரே இல்லை. பின்னாலேயே ஓடி, "மாஃப் கரோ ஜி, மேரா கல்தி, மேரா கல்தி!" என்று கெஞ்சினேன். கல்தி என்றால் தப்பு. அவர் நின்று, திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "மேரீ கல்தி!" என்றார். மேரீ என்றால் என்னுடைய என்றுதானே அர்த்தம்? அவர் தன் தப்பு என்று ஒத்துக்கொள்கிறார் என்று எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. "இல்ல ஜி, ஆப்கா நஹீ, மேரா கல்தி" என்றேன். "மேரீ!" என்று கத்தினார். "ஐயோ ஜி, நீங்க ஒண்ணும் செய்யல, மேரா!" என்று நானும் கத்தினேன். தப்பு பெண்பால் என்று அவர் திருத்திக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது. கணபதி ஓரமாக நின்று இரண்டு பேரும் பழியைத் தத்தம் மேல் போட்டுக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு கப்பலுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். அவர் பார்க்காமல் போனதுதான் முக்கியமானது.

பேச்சு வராது என்று நான் நினைத்த பிரபாவதி அம்மாள் முக்காட்டைத் தள்ளினார். என் கையிலிருந்த மாலையை வாங்கித் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார். "ஹம் சம்தி ஹை!" என்றார், நல்ல கணீரென்ற குரலில். நான்தான் சம்தி, பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார். விடுவிடென்று உள்ளே போய், சம்பந்திக்கென்று போட்டிருந்த பொட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே நின்ற மிஸ்ராஜி, தான் வெளியேறிவிட்டதாக நினைவுபடுத்தினார். "ஜாயியே, சம்தி யஹா ஹை" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. போங்கள், சம்தி இங்கே இருக்கிறேன். மிஸ்ராஜி கொஞ்ச நேரம் ஆட்டோவுக்கு நின்று பார்த்தார். வந்த ஆட்டோக்காரனும் மேளத்தைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்துவிட்டான். வடை வாசனை தெருவுக்கு வந்ததும் மிஸ்ராஜியும் மெல்ல உள்ளே வந்தார். ஆம்பளைகள் பக்கம் இடமில்லை. பொம்பளைகள் ஜமக்காளத்தில்தான் ஒரு ஓரம் இருந்தது. உட்கார்ந்தார். அவர் அக்கா அவர் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டாள்.

அந்த அம்மாள் பீகாரில் கிழக்கு ஓரமாம். அந்தப் பக்கத்து இந்தியிலும் நம்மைப்போல் ஆண் பெண் பார்க்க மாட்டார்களாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் மிஸ்ராஜி திருத்த, திறந்தால் திருத்த, கடைசியில் திறப்பதையே விட்டுவிட்டாராம். அன்றைக்குத் தமிழரசியின் தலையில் கை வைத்து, "ஹமாரா பஹூ கித்னா அச்சா ஹை!" என்றார். எங்கள் மருமகள் எவ்வளவு நல்லவள் என்று அர்த்தம். அதில் இருந்த லிங்கம் அத்தனையும் தப்பு. ஜமக்காளத்திலிருந்து மிஸ்ராஜி, தலையில் பூவோடு, தன்னையறியாமல், "ஹமாரீ…" என்று எழுந்தார். "ஆப் சுப் ரஹியே, சம்தன்ஜி!" என்றார் அந்த அம்மாள். நீங்கள் பேசாமல் இருங்கள், சம்தன்ஜி. மிஸ்ராஜி உட்கார்ந்துவிட்டார். தட்டு மாற்றினோம். நானும் அந்த அம்மாளும்தான் சம்பந்திகளாக மாற்றிக்கொண்டோம். அந்த அம்மாள் அன்றைக்குப் பேச ஆரம்பித்தவர் இந்தக் கடிதம் எழுதும் வரையில் நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

ஆகவே மச்சான், நான் என் அறிவால் விதிப்படி யோசித்துச் செய்த ஒரு தப்புதான், என் ஒருவனுடைய தப்புதான், இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்திருக்கிறது. வைகாசியில் முகூர்த்தம். தாய்மாமன் வராமல் எங்கள் வீட்டில் விளக்கு எரியாது. கப்பல் டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கப்பல் ஆண், படகு பெண். எதில் வந்தாலும் வாருங்கள். நீங்களும் அக்காவும் நூறு வயது வாழ்ந்து எங்கள் பேரப்பிள்ளைகளையும் இதே வாயால் திட்ட வேண்டும் என்று ஆசைப்படும்,

தங்கள் அன்புள்ள
ஐயாவு

பின்குறிப்பு: அண்ணே, நான் ரெங்கம்மா எழுதுறேன். இவுக கவர் ஒட்டப் பசை வாங்கப் போயிருக்காக, அதுக்குள்ள எழுதிப்புடணும். சம்தின்னா ஆம்பளை, சம்தன்னா பொம்பளைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பிரபாவதி மதினிதான் சொல்லிக் குடுத்தாக. என் இந்தி அவுக இந்தியைவிட மோசம், அதனால என்கிட்ட மட்டும் தாராளமாப் பேசுவாக. இவுக பாடம் படிச்ச நாள்ல பாதி நாளு பலகாரத்தை எடுத்து வச்சிட்டு நான் காப்பித்தூள் கடன் வாங்குற சாக்குல அங்கதான் போய் உக்காந்திருந்தேன். எப்படியாச்சும் ஒரு நாளு சபையில வச்சு அவுக வீட்டுக்காரருக்குப் பேச்சில்லாமப் பண்ணணும்னு மதினி கேட்டாக. அரசன் அரசி யோசனை என்னது. பாட்டு, அவுக நாத்தனாமாருக்கு மொத நாளே சொல்லி வச்சது. தமிழரசி ஜன்னல்ல உக்காந்து அழுகலண்ணே, சிரிப்ப அடக்க முடியாம உக்காந்துட்டா. இதெல்லாம் இவுககிட்ட மூச்சு விட்டுறாத. தன்னோட தப்பால ஒரு நல்லது நடந்துருச்சுன்னு, கல்யாணமான நாள்லேர்ந்து இல்லாத சந்தோசமா இருக்காக.